டிவிடி (DVT) பம்ப் கேட்டால் மசாஜ் மெஷினைத் தருகிறார்கள், உஷார்!

இடுப்பு, முட்டி ஆபரேஷன் முடிந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அவசியம் படியுங்கள்.

திருப்பாப்புலியூரில் ஒரு குடும்பம். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த டிவிடி பம்பை (கால் சிரைகளில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, காலை விட்டு விட்டு அழுத்தும் மெஷின்), புதுச்சேரியில் ஒரு சர்ஜிக்கல் கடையில் டெபாசிட் கட்டி வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கைக்கு வந்தது ஏர் மசாஜர். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பில்லில் 'மெஷின் வாடகை', அவ்வளவுதான். போதாக்குறைக்கு, "இது இருந்தா ஊசி வேணாம்" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் எழுதிய ஹெப்பாரின் ஊசியை நிறுத்தச் சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் உரிமை கிடையாது.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். ஸ்லீவை, அதாவது காற்று நிரம்பும் உறையை, உங்கள் காலில் சுற்றி, இரண்டு விரல் நுழையும்படி ஒட்டுங்கள். மூன்று அறை ஸ்லீவ் என்றால் முதலில் கணுக்கால், அடுத்து கெண்டை, பிறகு தொடை என்று உப்ப வேண்டும். அழுத்தமும் மேலே போகப் போகக் குறையும்: கணுக்காலில் 45, கெண்டையில் 40, தொடையில் 30 மில்லிமீட்டர் பாதரசம் என்பது பரவலான அமைப்பு. சுமார் 11 விநாடி இறுக்கி, ஒரு நிமிடம்போல் தளர்த்தும். தளரும்போதுதான் சிரைகளில் ரத்தம் மறுபடி நிரம்புகிறது, அதனால் அந்த இடைவெளி முக்கியம்.

மசாஜரில் பெரும்பாலும் அழுத்த அளவே தெரியாது. 1, 2, 3 என்று லெவல்தான். பதினைந்து இருபது நிமிடத்தில் தானாக நின்றுவிடும். டிவிடி பம்போ படுத்திருக்கும் நேரமெல்லாம், நாளுக்கு 18 மணி நேரமாவது ஓட வேண்டியது. அந்த அம்மாவின் காலில் ராத்திரி முழுக்கக் கட்டியிருந்தது நின்றுபோன மெஷின்!

மெஷினை வாடகைக்கு எடுக்கலாம், ஸ்லீவை எடுக்கக்கூடாது. அது ஒரு நோயாளிக்கு மட்டுமே. சீல் பிரிக்காத பையில் கேளுங்கள். வெல்க்ரோவில் முடியோ நூல்பிசிறோ ஒட்டியிருந்தால் இன்னொருவர் போட்டது.

ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் பம்பைப் போடாதீர்கள். உள்ளே ஏற்கெனவே ரத்தக்கட்டி இருக்கலாம், டாப்ளர் ஸ்கேன் பார்த்தாக வேண்டும். காலுக்கு ரத்தம் போகும் தமனியில் அடைப்பு, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. திடீரென்று மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் உடனே 108.

பில்லில் மாடல் பெயர், சீரியல் எண், டெபாசிட் தொகை மூன்றையும் எழுதி வாங்குங்கள். பெட்டியில் மருத்துவச் சாதன உரிம எண் இருக்கிறதா பாருங்கள். மாற்றித் தர மறுத்தால் பெட்டியையும் பில்லையும் படம் எடுத்துக்கொண்டு, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.