படகு எஞ்சினுக்கு மர ஸ்டாண்டு: குதிரையா, எல் வடிவமா, சுவர்த் தாங்கியா?

அவுட்போர்டு எஞ்சினை, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சினை, படகிலிருந்து கழற்றி இறக்கியதும், இதை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்ப்போம். சுவரில் சாய்த்து வைத்தால் சறுக்கும். தரையில் கிடத்தலாம் என்றால், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை நினைத்த பக்கம் கிடத்த முடியாது. கையேட்டில் சொன்ன பக்கத்தை விட்டு வேறு பக்கம் சாய்த்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் எஞ்சின் தலை கியர் பெட்டியைவிடத் தாழ்ந்துவிட்டால், உள்ளே தங்கிய தண்ணீர் சிலிண்டர் பக்கம் இறங்கும். எந்த எஞ்சினாக இருந்தாலும் நிமிர்ந்து நிற்பதுதான் அதற்கு நல்லது. தண்ணீரும் தானாக வடிந்துவிடும்.

மரத்தில் நாமே செய்துகொள்ளும் ஸ்டாண்டுகளை மூன்று வகையில் அடக்கிவிடலாம். ஒன்று, மரம் அறுக்க வைத்திருக்கும் குதிரையைப் போல இருபுறமும் கால் விரிந்த ஏ வடிவம். இரண்டாவது, தரையில் நீளும் இரண்டு அடிச்சட்டங்கள் மேல் தூண்கள் எழும்பும் எல் வடிவம். மூன்றாவது, சுவரில் அடிக்கும் தாங்கி. மூன்றையும் செய்து பயன்படுத்தியவன் என்ற முறையில் என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 20 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் எல் வடிவம்தான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

என் முதல் ஸ்டாண்டு குதிரை வகை. 12 கிலோ எடையுள்ள சின்ன டூ ஸ்ட்ரோக்கை அது வருடக்கணக்கில் தாங்கியது. அந்த நம்பிக்கையில் 40 கிலோவைத் தாண்டிய ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்கை அதே ஸ்டாண்டில் மாட்டினேன். எஞ்சினைப் படகில் கவ்வ வைக்கும் திருகுப் பிடியை ஸ்டாண்டின் மேல்பலகையில் இறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். நன்றாகவே நின்றது. பிறகு மேல்மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்து முடித்து, திரும்ப மாட்டுவதற்காக அதன் வெளி விளிம்பை ஓர் அழுத்து அழுத்தினேன். எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம், நான் நின்ற பக்கம் இருந்த ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையை விட்டு ஒரு விரல் உயரம் எழும்பின. பலகையை இரு கையாலும் பற்றி இழுத்து நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த ஒரு விரல் இடைவெளி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆணி பிடுங்கவில்லை, மரம் விரியவில்லை. ஸ்டாண்டு உறுதியாகத்தான் இருந்தது. அதன் வடிவம்தான் அந்த எஞ்சினுக்குப் பொருந்தவில்லை.

காரணம் எளிது. எஞ்சின் பலகைக்கு மேலே உட்காருவதில்லை, பலகைக்கு வெளியே தொங்குகிறது. பிடி மட்டும்தான் பலகையில் இருக்கிறது. சிலிண்டர், ஃப்ளைவீல், தண்டு, கியர் பெட்டி என்று கனமானவை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கின்றன. ஒரு நடுத்தர எஞ்சினுக்கு எடையின் மையம் பலகையிலிருந்து 20 செ.மீ. வெளியே, தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குதிரையின் கால்கள் மொத்தம் 60 செ.மீ. விரிந்திருந்தால் பலகையிலிருந்து இரு பக்கமும் 30 செ.மீ. வரும். எஞ்சின் பக்கம் 20 செ.மீ. ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சம் 10 செ.மீ. இந்தக் கணக்கில் 6 டிகிரி சாய்ந்தாலே கவிழும். தரை கொஞ்சம் சரிவாக இருந்து, ஒருவர் தெரியாமல் மோதினாலும் போதும்.

இதே எஞ்சினை எல் வடிவத்தில் மாட்டிப் பாருங்கள். அடிச்சட்டம் 90 செ.மீ. நீளம். தூண்களைப் பின்முனையிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிறுத்துகிறோம், எஞ்சின் நீளமான பக்கம் தொங்குகிறது. எடையின் மையத்துக்கு முன்னால் 40 செ.மீ., பின்னால் 50 செ.மீ. கிடைக்கிறது. முன்பக்கம் கவிழ இப்போது 24 டிகிரி சாய வேண்டும். மரம் கிட்டத்தட்ட அதே அளவுதான் செலவாகிறது. கால் எங்கே ஊன்றுகிறது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

பக்கவாட்டையும் மறக்கக் கூடாது. இரண்டு அடிச்சட்டங்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே 60 செ.மீ. இருந்தால் பக்கவாட்டில் 18 டிகிரி வரை தாங்கும். வாசலில் நுழைய வேண்டும் என்று இதை 40 செ.மீ. ஆகக் குறுக்கினால் 12 டிகிரிதான். வாசல் அகலத்தை அளந்துவிட்டு, அதில் நுழையும் அளவுக்கு எவ்வளவு அகலம் வைக்க முடியுமோ அவ்வளவும் வையுங்கள்.

சரி, குதிரை அப்படியானால் வீணா? இல்லை. அதற்கும் இடம் உண்டு. 10 முதல் 18 கிலோ வரையுள்ள 2, 2.5 எச்.பி. எஞ்சினுக்கு அது போதும். அரை நாளில் செய்துவிடலாம், கீல் வைத்தால் மடக்கி வண்டியில் எடுத்துப் போகலாம். ஒரு திருத்தம் செய்தால் இன்னும் நல்லது: எஞ்சின் பக்கத்துக் கால்களை மறுபக்கத்துக் கால்களைவிட 15, 20 செ.மீ. கூடுதலாக விரித்துவிடுங்கள். பார்க்கக் கோணலாக இருக்கும். ஆனால் எஞ்சின் மாட்டியதும் அந்தக் கோணல்தான் சரியாக நிற்கும். கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டமோ சங்கிலியோ இல்லாமல் விடாதீர்கள். வழுவழுப்பான தரையில் கால்கள் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும்.

சுவர்த் தாங்கி கவிழவே கவிழாது, தரையில் இடமும் அடைக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிடியின் கைப்பிடிகளைத் திருகக் கை நுழைய வேண்டும் என்பதால் பலகை சுவரிலிருந்து 30 செ.மீ. ஆவது தள்ளி நிற்க வேண்டும். அதற்கு மேல் எஞ்சினின் 20 செ.மீ. 45 கிலோ எஞ்சின் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொங்கினால், மேலும் கீழுமாக 45 செ.மீ. இடைவெளியில் அடித்த போல்ட்டுகளில் மேல் வரிசையைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 50 கிலோ. கான்கிரீட்டோ கட்டுறுதியான செங்கல்லோ இதைத் தாங்கும். உள்ளே வெற்றிடம் உள்ள பிளாக் சுவரும் பலகைச் சுவரும் வேறு கதை. பலகைச் சுவராக இருந்தால் உள்ளிருக்கும் மரச் சட்டத்தைத் தேடி அதில்தான் போல்ட் இறங்க வேண்டும்.

ஆனால் சுவர்த் தாங்கியை நான் கைவிட்டது இந்தக் கணக்கால் அல்ல. எஞ்சினை அங்கே ஏற்றுவதுதான் பாடு. 45 கிலோவை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, இரண்டு பிடியும் பலகையின் இரு பக்கமும் இறங்கும்படி பார்த்து இறக்க வேண்டும். ஒற்றை ஆளாக அதைச் செய்யவே கூடாது. எல் வடிவத்தில் உயரம் குறைவு, எஞ்சினைச் சுற்றி நாலு பக்கமும் நடக்கவும் முடிகிறது.

இனி எந்த வகையாக இருந்தாலும் பொதுவான இரண்டு மூன்று விஷயங்கள். இதில் பிடிப் பலகைதான் முக்கியம், பலரும் தவறுவதும் அங்கேதான். படகில் ட்ரான்சம் என்கிற பின்பலகை செய்யும் வேலையை இங்கே இது செய்கிறது. மேலே ஒரே ஒரு குறுகிய சட்டத்தை வைத்துப் பிடியை இறுக்கிவிட்டால் போதும் என்று தோன்றும். குனிந்து பக்கத்திலிருந்து பாருங்கள். பிடியின் மேல்பாகம் மட்டும் மரத்தைக் கவ்வியிருக்கும், கீழ்முனை காற்றில் நிற்கும். எஞ்சின் தொங்கும்போது அந்தக் கீழ்முனை உள்பக்கமாகச் சாய்ந்து மரத்தில் ஊன்றத்தான் பார்க்கும். ஊன்ற மரம் இல்லாவிட்டால் முழு எடையும் இரண்டு திருகுகளின் மேல் விழுந்து, அவை மரத்தை நசுக்கி மெல்ல நழுவும். ஆகவே பலகை மேலிருந்து கீழாக 25, 30 செ.மீ. இருக்கட்டும். கனம் 38 முதல் 45 மி.மீ. நல்லது. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை நீர் புகாத பசையால் ஒட்டினால் 36 மி.மீ. வரும், அதுவே போதும். அறுப்பதற்கு முன் உங்கள் எஞ்சின் பிடி எவ்வளவு திறக்கிறது என்று அளந்துவிடுங்கள்.

உயரமும் அப்படித்தான், எஞ்சினை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைத் தண்டு) எஞ்சின் 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. உயர ட்ரான்சத்துக்கு. லாங் ஷாஃப்ட் (நீளத் தண்டு) 20 அங்குலத்துக்கு, 51 செ.மீ. இந்த எண்ணை அப்படியே ஸ்டாண்டின் உயரமாக எடுத்துக்கொண்டால் ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்கும், ஏனென்றால் ட்ரான்சத்தின் அடிமட்டத்துக்குக் கீழேதான் ப்ரொப்பெல்லரும் அதற்கும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பும் வருகின்றன. பிடி பலகையில் உட்காரும் இடத்திலிருந்து அந்தத் துடுப்பின் அடிமுனை வரை அளந்து, 10 செ.மீ. கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டாதீர்கள். உயரம் கூடக் கூடக் கவிழும் கோணம் குறையும்.

மரத்தைப் பொறுத்தவரை, நேரான, முடிச்சு குறைந்த பைன் சட்டமே போதும். தேக்கு போன்ற கடின மரத்தில் செய்தால் நீடிக்கும், ஆனால் ஸ்டாண்டின் எடையும் ஏறும். பழைய சரக்குப் பெட்டிகளைப் பிரித்த மரத்தில் செய்வதை நான் விரும்பமாட்டேன், அதில் ஆணித் துளைகளும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் அதிகம். வட அமெரிக்க வரைபடத்தைப் பார்த்துச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே இரண்டுக்கு நாலு என்று சொல்லும் சட்டத்தின் உண்மை அளவு 38க்கு 89 மி.மீ. முழு இரண்டு அங்குலம் என்று நினைத்து அறுத்தால் மூட்டுகள் ஒன்றும் சேராது.

தாமிரம் கலந்த மருந்து ஏற்றிய மரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளியில் மழையில் கிடக்கப் போகிறதென்றால் அடிச்சட்டங்களுக்கு அது நல்ல தேர்வுதான். ஆனால் பிடிப் பலகைக்கு வேண்டாம். எஞ்சினின் பிடி அலுமினியம். ஈரமான அந்த மரத்தில் அலுமினியம் நாள்பட ஒட்டிக் கிடந்தால் அரிக்கும். ஸ்டாண்டைக் காப்பாற்ற எஞ்சினின் பிடியைப் பலி கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்? ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டீர்கள் என்றால் நடுவே தடித்த பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்துவிடுங்கள். அந்த மரத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். நன்றாகத் துத்தநாகப் பூச்சு ஏறியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் போட வேண்டும்.

ஆணியா, ஸ்க்ரூவா, போல்ட்டா? ஆணி வேண்டாம். தூண் அடிச்சட்டத்தோடு சேரும் மூட்டில் 10 மி.மீ. போல்ட் இரண்டு, இரு பக்கமும் அகல வாஷர், நைலான் வளையம் உள்ள நட்டு. மற்ற இடங்களில் ஸ்க்ரூவும் பசையும் போதும். சட்டத்தின் வெட்டுமுனையில் நேராக இறக்கிய ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் குறைவு, அதை நம்பி எடையைத் தொங்கவிடாதீர்கள். எல் வடிவத்தில் தூணிலிருந்து அடிச்சட்டத்துக்கு மூலைவிட்டமாக ஒரு சட்டம் போட்டே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் எஞ்சின் எடையில் தூண் தினமும் கொஞ்சம் முன்னால் வளையும். அதற்குப் பதிலாக 18 மி.மீ. பிளைவுட்டில் முக்கோணம் வெட்டி இரு பக்கமும் அடித்தால் இன்னும் விறைப்பாக நிற்கும். பிளைவுட்டின் ஓரங்களுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை பெயின்ட் அடியுங்கள், தண்ணீர் குடிப்பது அங்கிருந்துதான்.

சக்கரம் வேண்டுமா என்பது தரையைப் பொறுத்தது. சமமான சிமென்ட் தரையில் பிரேக் உள்ள நாலு காஸ்டர் சக்கரங்கள் பெரும் வசதி. மேடுபள்ளமான தரையில் நாலில் மூன்றுதான் தரையைத் தொடும் என்பதால் கணக்கை மூன்றுக்குப் போடுங்கள். எஞ்சினும் ஸ்டாண்டும் சேர்ந்து 65 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 22 கிலோ, அப்போது 50 கிலோ தாங்கும் சக்கரம் வாங்கினால் நிம்மதி. 5 செ.மீ. குட்டிச் சக்கரம் ஒரு சிறு கல்லில் சட்டென்று நின்றுவிடும், மேல்பாரம் மட்டும் முன்னால் போகும். 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். மண் தரையென்றால் சக்கரமே வேண்டாம். எஞ்சினை ஸ்டாண்டில் வைத்தே ஓட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் அப்போதும் வேண்டாம். அப்படி ஓட்டும்போது கியரில் போடாமல், தண்ணீர் இணைப்பைக் கொடுத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் சில நொடிகள் ஓடினாலும் பம்பின் ரப்பர் இறக்கைகள் கெட்டுவிடக்கூடும்.

எஞ்சினை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை நிரப்பினால் 40 கிலோ. எஞ்சினின் எடை வரும் இடத்தில், அதாவது பலகையிலிருந்து 20 செ.மீ. வெளியே தொங்கும்படி ஒரு கட்டையை பலகையில் இறுக்கி, அதில் கேன்களைக் கட்டுங்கள். ஸ்டாண்டின் தலையை நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள், மூட்டுகளில் கிறீச்சென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் நட்டுகளை ஒரு சுற்று இறுக்குங்கள். அப்புறம் எஞ்சினை ஏற்றுங்கள். மறுநாள் பிடித் திருகைத் தொட்டுப் பார்த்தால் கால் சுற்றாவது இளகியிருக்கும். பைன் பலகை நசுங்கி இடம் கொடுத்திருக்கும் என்பதால் அதையும் இறுக்கிவிடுங்கள்.