தமிழில் நடத்தப்படும் கட்டுமானப் பாதுகாப்பு வகுப்பு: சிங்கப்பூரிலிருந்து ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்களில் வேலை செய்ய வருபவர்கள் தேர்ச்சி பெற்றாக வேண்டிய பாதுகாப்பு அறிமுக வகுப்பை, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்கள் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் நடத்துகின்றன. அத்தகைய நிலையம் ஒன்றின் தமிழ் வகுப்பில், எங்கள் தளத்துக்குப் புதிதாக வந்த தொழிலாளர்களுடன் நானும் அமர்ந்திருந்தேன். செய்முறைப் பயிற்சியைத் தயக்கமின்றிப் பாராட்டுகிறேன். சட்டப் பகுதியை நிலையம் மறுபடியும் எழுத வேண்டும் என்று கருதுகிறேன்.

பயிற்றுநர் தளத்தில் உழைத்த அனுபவம் உள்ளவர் என்பது அவருடைய பேச்சிலேயே தெரிந்தது. உயரத்தில் வேலை செய்யும்போது அணியும் பாதுகாப்பு பெல்ட்டின் தையல் பிரிந்திருக்கிறதா, அதன் கொக்கியின் பூட்டு தானாக மூடுகிறதா என்று ஒவ்வொருவரையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கொக்கியை எதில் மாட்டலாம், எதில் மாட்டக்கூடாது என்பதையும், 3 மீட்டருக்கு மேல் விழும் ஆபத்துள்ள வேலையைப் பெர்மிட் (எழுத்து மூலமான வேலை அனுமதி) இல்லாமல் தொடங்கக்கூடாது என்பதையும், அனைவருக்கும் விளங்கும் வரை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். முதன்முறையாகச் சாரத்தில் ஏறப்போகும் இளைஞர்களுக்கு இது மிகவும் தேவையான பயிற்சி.

சட்டத்தைப் பற்றிய பகுதியோ, தொழிலாளி செய்ய வேண்டியவை, செய்யத் தவறினால் வரும் தண்டனை என்ற அளவில் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டது இதுதான்: 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே வட்டப்பாதை ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளத்தின் தாங்குசுவர் சரிந்து நால்வர் மாண்டனர். அதன் பிறகே, பழைய தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பதிலாக, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆபத்தை உண்டாக்குகிறவரும் அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ளவருமே அதற்குப் பொறுப்பு என்பதுதான் இச்சட்டத்தின் அடிப்படை. தொழிலாளிக்கும் கடமை உண்டு. ஆனால் முதலாளி, தளத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பிரதான ஒப்பந்ததாரர், ஒப்பந்ததாரரை அமர்த்தி வேலை வாங்குபவர் ஆகியோரின் கடமைகள் அதைவிட மிக விரிவானவை. ஒரு நிறுவனம் முதல் முறை குற்றவாளியெனத் தீர்ப்பானால் 5 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. 2024 ஜூன் முதல், இதன்கீழ் உள்ள விதிகளை மீறுவதற்கான உச்ச அபராதமும் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், நம் தொழிலாளர்களில் பலர் துணை ஒப்பந்ததாரருக்குக் கீழ் வேலை செய்பவர்கள் என்பதே. சம்பளம் கொடுப்பவர் ஒருவர், தளத்தை நடத்துபவர் வேறொருவர் என்றிருக்கும்போது, சாரத்தில் பலகை இல்லையென்றால் யாரிடம் சொல்வது என்ற குழப்பத்தில் பேசாமல் ஏறிவிடுகிறார்கள். ஒருவர் மேல் பொறுப்பு இருப்பதால் மற்றவர் விடுபடுவதில்லை, இருவருமே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை வகுப்பில் ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்கியிருந்தாலே போதும்.

பாதுகாப்புக் காலணிக்குச் சம்பளத்தில் பணம் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டபோது, கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்ற பதிலே கிடைத்தது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. சட்டப்படி முதலாளி செய்து தர வேண்டிய எதற்கும் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கக்கூடாது என்று அதே சட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. பாதுகாப்பைப் பற்றி நியாயமான புகார் செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ, நீக்குவதாக மிரட்டவோ கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. கடன் வாங்கி ஊரிலிருந்து வந்த ஒருவருக்கு வாய் திறக்கத் துணிவு தருவது இந்த இரண்டு செய்திகள்தாம்.

1 கோடி வெள்ளிக்குக் குறையாத திட்டங்களில், வரைபட நிலையிலேயே ஆபத்துகளைக் களைய வேண்டிய கடமையைக் கட்டட உரிமையாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் 2016 ஆகஸ்டிலிருந்து விதிகள் சுமத்துகின்றன. இதை இவ்வகுப்பில் விரித்துரைக்க வேண்டியதில்லை; மேற்பார்வையாளர் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

ஆட்களை அனுப்பும் நிறுவனங்களுக்கு இந்த நிலையத்தைப் பரிந்துரைக்கிறேன். அனுப்பும் முன், சட்டப் பகுதிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கும்படியும், முதலாளியின் கடமைகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும்படியும் அவர்கள் நிலையத்தாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.