குடும்பக் குழுவா, காணொளி அழைப்பா: தனித்து வாழும் பெற்றோருக்கு எது துணை?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க ஊரில் தனித்து வாழும் பெற்றோருக்குக் கைப்பேசி இரண்டு வழிகளைத் தருகிறது: வாட்ஸ்அப் குடும்பக் குழு ஒன்று, முகம் பார்த்துப் பேசும் காணொளி அழைப்பு மற்றொன்று.

குழுவில் நேர வேறுபாடு தடையாவதில்லை. காது மந்தமானவர்களும் வாசித்துக்கொள்ளலாம். ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே முழங்கால் வலியையோ இரவில் தூக்கம் வராததையோ பெரும்பாலோர் எழுதுவதில்லை. எழுதினாலும், கும்பிடும் கைகளின் படமே பலநேரம் பதிலாக வருகிறது.

அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 1,424 பேரின் தரவுகளை ஆராய்ந்து ஓரிகன் மருத்துவ ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. ஸ்கைப் போன்ற காணொளி அழைப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மனச்சோர்வு அறிகுறிகள் இருக்கும் வாய்ப்பு, இத்தகைய தொடர்பு வசதிகள் எதையும் பயன்படுத்தாதவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. மின்னஞ்சல், சமூக ஊடகம், உடனடிச் செய்தி ஆகியவற்றில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. மனச்சோர்வும் தனிமையும் ஒன்றல்ல. இத்தகைய ஆய்வு காரணத்தை உறுதிப்படுத்துவதுமில்லை. இருப்பினும் அது காட்டும் திசையை நான் நம்புகிறேன், ஏனெனில் அம்மா மெலிந்திருப்பதையும் அப்பாவின் பேச்சு தடுமாறுவதையும் முகம் பார்க்கும்போதுதான் கவனிக்க முடிகிறது.

காணொளி அழைப்புக்கு இருவரின் நேரமும் ஒத்துவர வேண்டும் என்பது உண்மையான குறை. அதனால் வாரத்தில் ஒரு நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துவைப்பது நல்லது. பிள்ளைக்கு வேலை இருக்கும் என்று பெற்றோர் தயங்குவார்கள் என்பதால், அழைப்பைப் பிள்ளையே தொடங்க வேண்டும்.