கேம்பரை ஏற்றியே வைப்பதா, இறக்குவதா?

அமெரிக்காவில் பிக்கப்பின், அதாவது பின்னால் திறந்த தட்டுள்ள வண்டியின் முதுகில் கேம்பர் என்ற குட்டி வீட்டுப் பெட்டியை வைத்து ஊர் சுற்றுபவர்களுக்குத் தீராத கேள்வி இது. ஏற்றியே வைத்தால் நினைத்த நேரத்தில் கிளம்பலாம். ஆனால் பெரிய கேம்பர் ஒரு டன்னைச் சுலபமாகத் தாண்டும். பால் வாங்கப் போனாலும் அத்தனையும் கூடவே வரும். ஸ்பிரிங்குக்கு ஓய்வில்லை, டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

இறக்கினால் வண்டி மறுபடி வண்டியாகும். சரி, அப்புறம் ஏற்ற வேண்டுமே! கேம்பரின் நான்கு மூலைகளிலும் கால்போல நிற்கும் ஜாக்குகளால் அதை உயர்த்தி, அவற்றின் நடுவே வண்டியை ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக நுழைக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் உரசும். பிறகு டர்ன்பக்கிள் என்ற திருகு இணைப்பை முறுக்கி, கேம்பரை வண்டியோடு கட்ட வேண்டும். ஜாக்கில் உயரமாக நிறுத்தினால் காற்றில் ஆடும், தாழ்த்தி வைப்பதே நல்லது.

மாதம் இருமுறை பயணமென்றால் நான் இறக்க மாட்டேன். குளிர்காலம் முழுக்கச் சும்மா நிற்குமென்றால் இறக்கிவிடுவேன். வண்டித் தட்டில் கேம்பருக்குக் கீழே கிடக்கும் ரப்பர் விரிப்புக்கு அடியில் தேங்கிய ஈரமும் துருவும் அப்போதுதான் கண்ணில் படும்.