முதற்பெயர்ப் பெட்டியோடு மூன்று வருடம்

வம்சாவளி தேடும் தளத்தின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எத்தனை கோடிப் பதிவுகள், எந்தெந்த நாடுகள் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. மூன்று வருடமாகப் பணம் கட்டுகிறவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு பெட்டியைப் பற்றி. 'முதற்பெயர்' என்று போட்டிருக்குமே, அதுதான்.

என் மருமகள் மாசசூசெட்ஸ்காரி. பேத்தி பிறந்தபோது, தன் பாட்டி கைப்பட எழுதிய மூதாதையர் பட்டியல் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். ஜான், மேரி, சாமுவேல் என்று போகிற வரிசையில் ஓரிடத்தில் 'தேங்க்ஃபுல்' என்று இருந்தது. இந்த இடத்தில் பாட்டி யாருக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். அது ஆள் பெயர் என்று மருமகள் சொல்லித்தான் தெரிந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில், அதாவது மாசசூசெட்ஸ் இருக்கும் அமெரிக்க வடகிழக்கில், அது சாதாரணமாகப் பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்.

அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குப் புனிதர் பெயர்கள் என்றால் கத்தோலிக்க வாடை. அதனால் பைபிளுக்குள் போய்ப் பெயர் தேடினார்கள். 1560இல் வந்த ஜெனீவா பைபிளில் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியலே இணைத்திருந்தார்கள். அதுவும் போதாதவர்கள் குணத்தையும் கட்டளையையும் நேரடியாகப் பிள்ளைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். நியூ ஹாம்ஷயரின் டோவர் ஊரில் ஹேட்-ஈவில் நட்டர் என்று ஒரு சபை மூப்பர் இருந்தார். 'தீமையை வெறு' என்று அர்த்தம். நடுவில் கோடு போட்டுத் தேடினால் முடிவு எதுவும் இல்லை. இடம் விட்டு எழுதினால் 'ஹேட்' முதற்பெயர், 'ஈவில்' நடுப்பெயர் என்று தானே பிரித்துக்கொண்டு சம்பந்தமில்லாத ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சேர்த்து 'ஹேட்டெவில்' என்று எழுதினால்தான் மனிதர் வருகிறார். ஒலியைக் குறியீடாக மாற்றித் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918லேயே காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். கோபத்தில் ஒரு நாள் காகிதத்தை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். பிரித்து எழுதினாலும் சேர்த்து எழுதினாலும், கடைசியில் இன்னொரு 'எல்' போட்டாலும், எச்-314தான் வருகிறது. நூறு வருடப் பழைய முறைக்குப் புரிந்தது, நான் மாதக் கணக்குப் போட்டுக் காசு கொடுக்கும் தளத்துக்குப் புரியவில்லை.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். 'பெயரின் எழுத்துகளை ஒருமுறை சரிபார்க்கவும்' என்று பதில் வந்தது. சொந்தப் பெயரையும் இனிஷியலையும் எந்தப் பெட்டியில் போடுவது என்று ஒவ்வொரு படிவத்திலும் திண்டாடுகிறவன் நான். என்னிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஆண் பெண் பிரச்சினை தனி. 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா வந்த வில்லியம் புரூஸ்டர் தம் மகன்கள் இருவருக்கு லவ், ரெஸ்லிங் என்று பெயர் வைத்திருந்தார். லவ் ஆண் பிள்ளை. உறுப்பினர்கள் போட்டுவைத்த குடும்ப மரங்களில் பாதி இடத்தில் அவரைப் பெண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் தப்பாகப் போட, அடுத்தவர் அதைப் பார்த்து எழுத, தளமும் 'உங்கள் மரத்துக்குப் பொருந்துகிறது' என்று பச்சை இலை காட்டுகிறது. மேஃபிளவரில் வந்த ரிமெம்பர் அல்லர்ட்டன் பெண், ரிசால்வ்ட் ஒயிட் ஆண். பெயரை வைத்து ஊகிக்கிற வேலையே இதில் ஆகாது.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். பதிவேட்டுப் படங்கள் அருமை. இங்கிலாந்தில் திருச்சபைப் பதிவேடு எழுதச் சொல்லி தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டது 1538இல். அந்தப் பழைய ஏடுகளை வீட்டில் உட்கார்ந்து மை கசிந்த இடம் வரைக்கும் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. ஆர்வக்கோளாறில் சசெக்ஸ் பக்கம் வார்பிள்டன் ஊருக்குப் போனேன். 1580களில் அங்கே தாமஸ் ஹீலி என்ற போதகர் தம் பிள்ளைகளுக்கு மச்-மெர்சி, சின்-டினை என்றெல்லாம் பெயர் வைக்க, ஊரும் கூடவே போயிருக்கிறது. 'ஃபியர்-நாட்' என்ற பெயரைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. படத்தைத் திறந்து வரி வரியாகப் போனேன். அந்தக் காலக் கையெழுத்தில் 'இ' தலைகீழாகத் திரும்பியிருக்கும், 'எச்' வரிக்குக் கீழே வால் விட்டிருக்கும், 'சி' பார்க்க 'ஆர்' மாதிரி இருக்கும். பெரிய 'எஃப்' என்று தனி எழுத்தே கிடையாது, சின்ன 'எஃப்' இரண்டை ஒட்டிப் போடுவார்கள். அட்டவணை போட்டவர் அந்த இரண்டையும் அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார். பெயர் அங்கேதான் இருந்தது, ஓர் எழுத்து கூடுதலாக. அன்று ராத்திரி தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்தப் பெயர்களின் அருமை அதுதான். நூறு ஜான்களுக்கு நடுவில் நம் ஜான் எவன் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஹேட்டெவில் ஊருக்கு ஒருவர்கூட இருக்கமாட்டார். ஆனால் தேங்க்ஃபுல் விஷயத்தில் நானே ஏமாந்தேன். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைத்து, செத்துப்போன குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைத்து, ஒரே குடும்பத்தில் மூன்று தேங்க்ஃபுல். 1752க்கு முன்னால் அவர்கள் கணக்கில் வருடம் பிறந்தது மார்ச் 25ஆம் தேதி என்பதால், பிப்ரவரியில் பிறந்தவள் எந்த வருடத்தில் சேருவாள் என்பது வேறு குழப்பம். ஆறு மாதம் தப்பான தேங்க்ஃபுல்லின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சரியானவள் கிடைத்த கதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தந்தை பெயரை மட்டும் போட்டு, முதற்பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டுத் தேடினேன். 'பெயர் இல்லை, பெண் குழந்தை' என்று ஒரு ஞானஸ்நானப் பதிவு வந்தது. அதைத் திறந்தால் குறிப்பு என்ற கட்டத்தில் 'தேங்க்ஃபுல்' என்று இருக்கிறது. பெற்றோர் நன்றி சொன்னதாக நினைத்து அட்டவணைக்காரர் அங்கே போட்டுவிட்டார். திட்ட வாயெடுத்தேன். பாட்டியின் பட்டியல் ஞாபகம் வந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம், வாங்காதீர்கள். அந்தப் பெட்டியைச் சரிசெய்யும் வரைக்கும் பாதி விலையும் அதிகம்தான்.

எனக்கு முந்தாநாள் சந்தா முடிந்தது. அதே பாதி விலையில் இன்னொரு வருடத்துக்குக் கட்டிவிட்டேன். தேங்க்ஃபுல்லின் தங்கை பெயர் சப்மிட், 'பணிந்துபோ'. பெட்டியில் சப்மிட் என்று அடித்து, கீழே இருக்கிற சப்மிட் பட்டனை அழுத்தினேன். பெயரை நிரப்பச் சொல்லிச் சிவப்பு எழுத்தில் வந்து நிற்கிறது.