பம்ப் சிஸ்டம் பயிற்சி, சான்றிதழ்: குன்னூர் மலையில் நாலு வருஷ அனுபவம்

குன்னூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஐந்து நாள் பம்ப் சிஸ்டம் பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினேன். கட்டணம் என் ஒரு மாசச் சம்பளத்தைவிட அதிகம், சொந்தக் காசு. "அதில் சேரலாமா, பிரயோஜனம் உண்டா" என்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். ஓடைக் கரையில் ஒரு பம்ப். அது தண்ணீரை இழுத்துப் பக்கத்திலிருக்கும் தெளிவுத் தொட்டியில் விடும். அங்கிருந்து ஐந்து ஸ்டேஜ் பம்ப் ஒன்று (தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இலைச் சக்கரமான இம்பெல்லர் ஒரே தண்டில் ஐந்து) மேலே லைன் வீடுகளின், அதாவது தொழிலாளர் குடியிருப்பின், தொட்டிக்கு ஏற்றும். மொத்த ஏற்றம் கிட்டத்தட்ட 110 மீட்டர். இந்த இரண்டு பம்ப்பும் நின்றால் மறுநாள் காலை லைனில் குடத்தோடு சண்டை வரும். அதனால் எனக்கு இது வேலை மட்டும் கிடையாது.

ஓடைப் பம்ப்பில் வருஷா வருஷம் ஒரு தொந்தரவு இருந்தது. மாசி பிறந்தால் சத்தம் ஆரம்பிக்கும். கேஸிங்குக்குள், அதாவது பம்ப்பின் வெளிக்கூட்டுக்குள், ஒரு கை ஜல்லியை அள்ளிப் போட்டு உருட்டினால் எப்படி இருக்கும், அப்படி. டெலிவரி, அதாவது வெளியே வரும் தண்ணீர், குறையும். ஐப்பசி மழை வந்ததும் சத்தம் தானாக அடங்கிவிடும். "கோடையில ஏர் பிடிக்குது" என்பதுதான் எல்லாருடைய முடிவும், என்னுடையதும் அதேதான். தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் கயிறு மாற்றுவோம், குழாயின் அடிவாயில் இருக்கும் ஃபுட் வால்வைக் கழற்றிக் கழுவுவோம், சக்ஷன் (தண்ணீர் உள்ளே வரும் குழாய்) ஜாயின்ட்டுக்கெல்லாம் பூசிப் பார்ப்போம். கடைசியில் இம்பெல்லரைக் கழற்றினால் இலைகளின் உள்வாய்ப் பக்கம் கறையான் அரித்த பலகை மாதிரி குழி குழியாக இருக்கும். வருஷம் ஒரு இம்பெல்லர் போட்டுக்கொண்டிருந்தோம்.

பயிற்சியின் இரண்டாம் நாள் சக்ஷன் பற்றிய வகுப்பு. பயிற்சியாளர் போர்டில் 10.33 என்று எழுதினார். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் தாங்கும் தண்ணீரின் உயரம், மீட்டரில். பம்ப் தண்ணீரை 'இழுப்பது' கிடையாது, வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது என்று அவர் விளக்கினபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. "சார், நாங்க குன்னூர். அங்க இந்த 10.33 வருமா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. டீ இடைவேளையில் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு தாளில் போட்டுக் காட்டினார். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 1.1 மீட்டர் குறையும். 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் 8.3-க்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 7.9. கோயம்புத்தூரிலோ 9.8-க்கு மேல் கிடைக்கிறது.

அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து எங்கள் ஓடைப் பம்ப்புக்குக் கணக்குப் போட்டேன். குன்னூரில் கிடைக்கும் 8.27 மீட்டரில், கோடையில் தண்ணீர் மட்டத்துக்கும் பம்ப்புக்கும் உள்ள உயரம் 4.5 போக வேண்டும். மூன்று இஞ்ச் குழாய், வளைவு, ஃபுட் வால்வு எல்லாம் சேர்ந்து உரசலில் 0.9. தண்ணீர் ஆவியாகும் அழுத்தத்துக்கு 0.2. மிச்சம் 2.67 மீட்டர். பம்ப் கேட்லாக்கில் அந்த டெலிவரிக்கு 3 மீட்டர் வேண்டும் என்று இருந்தது. இதே பம்ப்பை, இதே குழாயை, இதே உயரத்தில் கோயம்புத்தூரில் வைத்திருந்தால் நாலு மீட்டருக்கு மேல் கிடைத்து ஓசையே இல்லாமல் ஓடியிருக்கும். தண்ணீர் உள்ளேயே கொதித்து, குமிழி சட்டென்று உள்ளே நொறுங்கி, இரும்பை அரிக்கும் வேலைதான் அந்த ஜல்லிச் சத்தம். அதன் பெயர் கேவிடேஷன். அந்த வார்த்தையை ஐ.டி.ஐ.யிலேயே படித்திருக்கிறேன். எங்கள் பம்ப்புக்குள் நடப்பது அதுதான் என்பது அந்தத் தாளில்தான் தெரிந்தது.

திரும்பி வந்ததும் பம்ப் ஹவுஸில் இருபது வருஷமாக இருக்கும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தம்பி, ஓடையில அந்த யானைப் பாறை முதுகு தெரிஞ்சா ரெண்டு நாள்ல சத்தம் ஆரம்பிச்சிரும். நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன்" என்றார். போய் டேப் வைத்து அளந்தோம். பாறையின் முதுகிலிருந்து பம்ப்பின் மையம் வரை 4.2 மீட்டர். என் கணக்கில் பம்ப் திணற ஆரம்பிக்கும் மட்டமும் அங்கேதான் வந்தது. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததை நாங்கள் யாரும் கேட்டதில்லை. பாறையில் பெயின்ட்டால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு எண் எழுதி வைத்தோம். இன்றும் லாக் புத்தகத்தில் முதல் கட்டம் அந்த எண்தான்.

சரிசெய்தது இப்படி. சக்ஷனை நாலு இஞ்சாக மாற்றினோம். பம்ப் வாயில் எக்ஸென்ட்ரிக் ரெடியூசரை (ஒரு பக்கம் மட்டும் சரிந்து சுருங்கும் இணைப்புக் குழாய்) தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி போட்டோம். தட்டைப் பக்கம் கீழே போனால் மேலே காற்று தேங்கிவிடும். பீடத்தை உடைத்து பம்ப்பை 90 சென்டிமீட்டர் கீழே இறக்கினோம். வெள்ளம் வந்தால் மோட்டார் நனையுமே என்று துரை (எஸ்டேட் மேனேஜர்) பயந்தார், நியாயமான பயம், அதற்காகச் சுற்றுச்சுவர் கட்ட வேண்டி வந்தது. இப்போது கோடையின் கடைசி வாரத்திலும் 4 மீட்டருக்கு மேல் கைவசம் இருக்கிறது. அன்று போட்ட இம்பெல்லர் மூன்று வருஷம் தாண்டியும் உள்ளேதான் ஓடுகிறது. போன வருஷம் திறந்து பார்த்தேன், விரலால் தடவினால் இலை வழுவழுவென்று இருந்தது.

இரண்டாவது பலன், மேலே ஏற்றும் அந்த ஐந்து ஸ்டேஜ் பம்ப்பில். அதன் டெலிவரி கேட் வால்வை நான் வேலைக்குச் சேரும் முன்பிருந்தே பாதி மூடித்தான் வைத்திருந்தார்கள். முழுசாகத் திறந்தால் மோட்டார் ஆம்பியர் ஏறி ட்ரிப் ஆகும். பயிற்சியின் மூன்றாம் நாள் முழுக்க இந்த விஷயம்தான்: வரைபடத்தில் பம்ப் தரும் அழுத்தத்தின் கோடும் குழாய் கேட்கும் அழுத்தத்தின் கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் பம்ப் ஓடும், வால்வை மூடுவது பணத்தைக் கொடுத்து அழுத்தத்தை வாங்கி அங்கேயே கொட்டுவது. பம்ப் சிஸ்டத்தில் எரிசக்தி மதிப்பீடு செய்வதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 14414 என்று ஒரு தரநிலை இருப்பதும் அங்கேதான் தெரிந்தது.

வால்வுக்கு முன்னும் பின்னும் ஒரு பிரஷர் கேஜ் போட்டேன். முன்னால் சதுர சென்டிமீட்டருக்கு 14.2 கிலோ, பின்னால் 11.5. வித்தியாசம் 2.7 கிலோ, அதாவது 27 மீட்டர் ஹெட் வால்விலேயே செத்துப்போகிறது. ஐந்து ஸ்டேஜ் பம்ப், ஒரு ஸ்டேஜுக்கு 28 மீட்டர். ஒரு முழு ஸ்டேஜ் தேவையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது! கம்பெனி சர்வீஸ் ஆளிடம் கேட்டு, ஒரு இம்பெல்லரைக் கழற்றி அந்த இடத்தில் ஸ்லீவ், அதாவது வெறும் உறை, போட்டோம். முதல் ஸ்டேஜைத் தொடக் கூடாது, சக்ஷன் அதன் கையில் இருக்கிறது. வால்வை முழுசாகத் திறந்தோம். 35 ஆம்பியர் இழுத்த மோட்டார் 28-க்கு வந்தது. தண்ணீர் அளவு மாறவில்லை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடும் பம்ப்பில் ஏறத்தாழ 25 யூனிட் மிச்சம். கரன்ட் பில்லைப் பார்த்த பிறகுதான் துரை கிளாம்ப் மீட்டரும் டயல் கேஜும் வாங்கித் தந்தார். அதற்கு முன்னால் சான்றிதழைக் காட்டியபோது "நல்லது" என்றதோடு சரி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளில் கையால் வேலை செய்தது அரை நாள்தான். கப்ளிங் அலைன்மென்ட்டை (மோட்டார் தண்டையும் பம்ப் தண்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது) ஒவ்வொருவரும் ஒரு தடவை தொட்டுப் பார்க்க நேரம் இருந்ததே தவிர, 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து முடிக்க நேரமில்லை. அதை நான் இங்கே வந்து மூன்று ராத்திரி உட்கார்ந்துதான் கற்றேன். பாடமெல்லாம் தமிழில் பேசினார்கள், பரீட்சை மட்டும் ஆங்கிலத்தில். என்னோடு உட்கார்ந்த ஒருவர் மில்லில் பதினைந்து வருஷம் பம்ப் பார்த்தவர், சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போவதைச் சொல்வார். கேள்வி புரியாமல் தோற்றார். அது எனக்கு இன்னும் மனசில் உறுத்துகிறது. உதாரணங்களும் பெரும்பாலும் ரிஃபைனரி, கெமிக்கல் ஆலை சார்ந்தவை. ஆறு மாதத்துக்குள் எங்கள் இடத்துக்கு வந்து பார்ப்பதாக நிறுவனம் சொன்னது, நாலு வருஷமாக யாரும் வரவில்லை. புதுப்பிக்கும் கட்டணத்துக்கு மட்டும் மெசேஜ் தவறாமல் வருகிறது.

மலைக்கென்று அங்கே எதுவும் கிடையாது. 1,000 மீட்டருக்கு மேல் மோட்டாரின் திறனைக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்று ஒரு வரி சொன்னார்கள். காற்று அடர்த்தி குறைவு, குளிர்விக்காது, உண்மைதான். ஆனால் மோட்டாரை 40 டிகிரிக்குக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள், இங்கே கோடையிலேயே 30 தாண்டுவது அபூர்வம், அதனால் அது பெரும்பாலும் ஈடாகிவிடும். எங்கள் உண்மையான எதிரி பனிமூட்டம். கார்த்திகையில் நாலு நாள் மூட்டத்தில் நின்ற மோட்டாரை மெக்கர் (ஈரத்தால் மின்கசிவு உண்டா என்று காட்டும் மீட்டர்) போட்டுப் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ராத்திரி முழுக்க மோட்டார் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரிய விடும் பழக்கம் அண்ணன் சொல்லிக் கொடுத்தது, எந்த ஸ்லைடிலும் இல்லை. அதேபோல மழையில் மரம் விழுந்து கரன்ட் போனால், 110 மீட்டர் தண்ணீர் திரும்பி வந்து, தண்ணீரைப் பின்னால் விடாத நான்-ரிட்டர்ன் வால்வில் அறையும் அடி. சுவரே அதிரும். வாட்டர் ஹாமர் பற்றி வகுப்பில் பத்து நிமிஷம்தான்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் நான் மிகவும் மதிப்பது: கிளாண்டில் நிமிஷத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழ வேண்டும் என்பது. நாங்கள் எல்லாரும் சொட்டு நிற்கும்வரை முறுக்குவோம், அதுதான் சுத்தம் என்று நினைத்து. கயிறு கருகி, தண்டின் ஸ்லீவில் மோதிரம் மாதிரி பள்ளம் விழும். இப்போது பம்ப் ஹவுஸில் புதுசாக வந்த தம்பிக்கு முதல் பாடம், வாட்சைப் பார்த்துச் சொட்டை எண்ணுவது.

சேர நினைப்பவர்கள் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வந்து உட்கார்ந்ததற்குக் கொடுக்கும் தாள் வேறு, திறனைச் சோதித்துக் கொடுக்கும் சான்றிதழ் வேறு. ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கு ஐ.எஸ்.ஓ. 17024 என்று தரநிலை இருக்கிறது, அதன்படி அங்கீகாரம் உண்டா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. என்னுடையது நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் என்பது வேறொரு வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது. டிப்ளமோ, டிகிரி இருப்பவர்கள் மத்திய அரசின் பி.இ.இ. (எரிசக்தித் திறன் அமைப்பு) நடத்தும் எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் பரீட்சையைப் பாருங்கள். மின்சாரப் பயன்பாடுகள் பற்றிய தாளில் பம்ப் ஒரு முக்கியப் பாடம், அந்தச் சான்றிதழுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.யில் பம்ப் ஆபரேட்டர் கம் மெக்கானிக் என்று ஒரு வருஷ டிரேடே இருக்கிறது. குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் நம் மலையிலேயே வருகிறது. அவலாஞ்சி எமரால்டு தண்ணீரைப் போர்த்திமந்துக்கு ஏற்றி, திரும்ப இறக்கி மின்சாரம் எடுக்கப்போகிறார்கள். பம்ப் தெரிந்த நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

சான்றிதழைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்தப் பணத்தில் வைப்ரேஷன் பார்க்கும் ஒரு கை மீட்டர் வாங்குகிறேன். ஆனால் அந்த ஐந்து நாளுக்கு மறுபடியும் காசு கட்டுவாயா என்று கேட்டால், கட்டுவேன்.

இந்த வருஷம் மே இரண்டாவது வாரம் யானைப் பாறையின் கடைசிக் கோடும் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. அப்படி வற்றி நான் பார்த்ததில்லை. அண்ணன் பம்ப் கேஸிங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு லாக் புத்தகத்தை எடுத்து, சத்தம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.