சொந்த பிசிபியில் ஏடிமெகா 328பி: புரோகிராம் ஏற்ற யூனோ போதுமா, யூஎஸ்பிஏஎஸ்பி வாங்கவேண்டுமா?

ஆர்டுவினோ யூனோ, நானோ போர்டுகளின் மூளை ஏடிமெகா 328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் ஐசி. அதைத் தனியே வாங்கிச் சொந்த சர்க்யூட் போர்டில் (பிசிபி) வைத்தால், புரோகிராம் ஏற்ற ஒரு கருவி வேண்டும்: கையிலுள்ள யூனோ, அல்லது யூஎஸ்பிஏஎஸ்பி என்ற யூஎஸ்பி புரோகிராமர். ஆனால் பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் வெறும் ஐசிக்குப் போகவேண்டாம். 328பி டிஐபி (சாக்கெட்டில் செருகும் இருவரிசைக் கால்) ஐசியின் சில்லறை விலை பல கடைகளில் நானோ குளோனின் (நகல் போர்டின்) விலையை நெருங்கிவிடுகிறது. கிளாக் தரும் கிரிஸ்டல், சாக்கெட் எல்லாம் சேர்த்தால் நானோவே மலிவு. வெறும் ஐசிக்கு நியாயமான காரணங்கள் இரண்டு. ஒன்று, கல்லூரித் துறையில் சொந்த பிசிபி கேட்பார்கள். மற்றொன்று, பேட்டரியில் ஓடும் புராஜெக்ட். நானோவில் பவர் எல்இடியும் யூஎஸ்பி சிப்பும் ரெகுலேட்டரும் ஸ்லீப்பிலும் மில்லிஆம்பியர் கணக்கில் குடிக்கும். தனி 328பி சில மைக்ரோஆம்பியரில் அடங்கிவிடும்.

அப்படி முடிவானபின், கையில் யூனோ இருந்தால் புரோகிராமருக்குச் செலவே இல்லை. முதலில் யூனோவில் 'ஆர்டுவினோ ஐஎஸ்பி' ஸ்கெட்சை (யூனோவைப் புரோகிராமராக மாற்றும் புரோகிராமை) ஏற்றுங்கள். அதன் பிறகே யூனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் செருகுங்கள், பாசிட்டிவ் கால் ரீசெட் பக்கம். வரிசை மாறினால் ஸ்கெட்சே ஏறாது. கெப்பாசிட்டர் இல்லையென்றால், போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் யூனோ ரீசெட் ஆகி பூட்லோடருக்குள் (புது ஸ்கெட்சுக்குக் காத்திருக்கும் சிறு புரோகிராமுக்குள்) போய்விடும். கட்டளை புதிய ஐசிக்குப் போய்ச் சேராது. வயரிங்: யூனோவின் 10, 11, 12, 13 முறையே ஐசியின் 1, 17, 18, 19ஆம் கால்களுக்கு, 5 வோல்ட் 7க்கும் 20க்கும், கிரவுண்ட் 8க்கும் 22க்கும். 20ஐயும் 22ஐயும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

யூஎஸ்பிஏஎஸ்பி குளோனும் விலை அதிகமில்லை. ஒரே கேபிளில் வேலை முடியும், பிசிபியில் 6 பின் ஹெடர் வைத்தால் ஐசியைக் கழற்றவும் வேண்டாம். ஆனால் புத்தம்புதிய ஐசியில் இது முரண்டுபிடிக்கும். காரணம் வேகம். தொழிற்சாலையிலிருந்து வரும் 328பி உள் ஆசிலேட்டரை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஐஎஸ்பி கிளாக் (புரோகிராம் ஏற்றும்போது தரவு போகும் வேகம்) அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கவேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பியின் வழக்கமான வேகமோ 375. 'டார்கெட் பதில் சொல்லவில்லை' என்று வருவது இதனால்தான். ஐசி செத்துவிட்டதாக நினைத்துத் தூக்கிப்போடாதீர்கள். புரோகிராமரை இயக்கும் ஏவிஆர்டியூட் மென்பொருளில் '-B 10' ஆப்ஷன் கொடுத்தால் வேகம் குறையும். குளோனில் பழைய ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்) இருந்தால் அதுவும் எடுபடாது. அப்போது போர்டிலுள்ள ஜேபி3 ஜம்பரை ஷார்ட் செய்யவேண்டும். ஐசியின் ஃபியூஸை (கிளாக் போன்றவற்றை நிர்ணயிக்கும் அமைப்பை) மாற்றியபின் அதைக் கழற்றிவிடலாம். ஆர்டுவினோ ஐஎஸ்பி தானாகவே ஏறத்தாழ 166 கிலோஹெர்ட்ஸில் ஓடுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸில் யூஎஸ்பிஏஎஸ்பிக்கு ஜேடிக் என்ற மென்பொருள் மூலம் டிரைவரும் போடவேண்டும்.

பலர் கவனிக்காத செலவு ஒன்று உண்டு. யூஎஸ்பிஏஎஸ்பியில் சீரியல் மானிட்டர் கிடையாது. சென்சார் மதிப்பைத் திரையில் பார்க்க, ஐசியின் சீரியல் தரவைக் கணினிக்குக் கொண்டுவரும் யூஎஸ்பி–டிடிஎல் மாட்யூல் தனியாக வாங்கவேண்டும். யூனோவில் அதற்கும் வழியிருக்கிறது: கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, யூனோவின் ரீசெட்டை நேராகக் கிரவுண்டில் கட்டுங்கள். அதன் 0ஐ ஐசியின் 2ஆம் காலுக்கும் 1ஐ 3ஆம் காலுக்கும் இணைத்தால் யூனோவே யூஎஸ்பி–டிடிஎல் ஆகிவிடும்.

ஃபியூஸ் விஷயத்தில் இரண்டும் ஒரே அளவு ஆபத்து. லோ ஃபியூஸ் முதலில் ஹெக்ஸில் 62. வெளிக் கிரிஸ்டலுக்கு எஃப்எஃப், உள் 8 மெகாஹெர்ட்ஸுக்கு இ2. கிரிஸ்டல் இல்லாத போர்டில் எஃப்எஃப் எழுதினால் ஐசி மௌனமாகிவிடும். 9, 10ஆம் கால்களில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டும் வைத்தால் மறுபடி பேசும். ரீசெட்டை முடக்கும் ஃபியூஸைத் தொட்டால் மட்டும் இரு கருவிகளாலும் மீட்கமுடியாது, 12 வோல்ட் புரோகிராமர் வேண்டும். இ2 தேர்ந்தால் கிரிஸ்டல் செலவு போகும், ஆனால் சீரியல் வேகத்தை 9600இலேயே வையுங்கள். 8 மெகாஹெர்ட்ஸில் 115200க்குக் கணக்குப்படியே 3.5 சதவீதம் பிழை வரும், உள் ஆசிலேட்டரின் தள்ளாட்டம் அதற்கு மேல்.

நம் பரிந்துரை: லேபில் யூனோ கிடைத்தால் கெப்பாசிட்டரோடு முடித்துக்கொள்ளுங்கள். ஐசியை பிசிபியில் நேரடியாகச் சால்டர் செய்து, புரோகிராமை அடிக்கடி மாற்றும் குழு யூஎஸ்பிஏஎஸ்பி வாங்கட்டும். கூடவே யூஎஸ்பி–டிடிஎல்லுக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள்.